நெருக்கடிக் காலத்தில் அரசு மனநல மருத்துவமனை நிர்வாகிக்கு எதன்மீது அதிகாரம்?

#1 மணற்கடிகை

அரசு மனநல மருத்துவமனைகளின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கான மாதிரி விதித்தொகுப்பு ஒன்றைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதியைப் பற்றி எனக்குச் சங்கடம் இல்லை. நெருக்கடிக் கால அதிகாரம் வரும் இடம்தான் உறுத்துகிறது. அது ஒற்றை வாக்கியமாக இருக்கிறது: வெள்ளம், தீ, தொற்றுநோய், மின்தடை, பணியாளர் பற்றாக்குறை அல்லது இவை போன்ற அவசர நிலைகளில் நிறுவனத் தலைவர் தேவையெனக் கருதும் எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம்.

"எந்த நடவடிக்கையையும்" என்பதற்குள் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதும் அடங்கும், ஒருவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவதும் அடங்கும். இவை இரண்டும் ஒரே அதிகாரத்தின் இரண்டு அளவுகள் அல்ல, வேறு வேறு அதிகாரங்கள் என்பது என் நிலைப்பாடு. பணம், கொள்முதல், கட்டடம், வாகனம், பணியாளரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுதல் ஆகியவற்றில் நிர்வாகிக்கு இன்று இருப்பதைவிட மிக அதிகமான அதிகாரம் வேண்டும். நோயாளியின் உடல்மீது, அதாவது கட்டுப்படுத்துதல், தனியறையில் அடைத்தல், விருப்பமின்றி மருந்து செலுத்துதல், வீடு திரும்ப விரும்புகிறவரை நிறுத்திவைத்தல் ஆகியவற்றில், நெருக்கடி வந்துவிட்டது என்பதற்காக நிர்வாகிக்குப் புதிதாக ஒரு துளி அதிகாரமும் வரக்கூடாது. அந்த முடிவுகள் மருத்துவரிடமும் சட்டத்திலுள்ள கெடுவிடமும் இருக்கட்டும்.

இந்தப் பிரிப்பு நடைமுறையில் தாங்குமா என்று மருத்துவமனைக்குள் வேலை பார்த்தவர்களும் அங்கே இருந்து வந்தவர்களும் சொன்னால் பயன்படும்.

#2 முன்னாள் பொறுப்பாளர்

தாங்காது. பதினோரு ஆண்டுகள் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மழை இரவில் தரைத்தள ஆண்கள் வார்டுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பணியில் ஒரு மருத்துவர், மூன்று செவிலியர்கள், இரண்டு உதவியாளர்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மாடிக்கு ஏற்ற வேண்டும். சிலர் வர மறுத்தார்கள், ஒருவர் தன் கட்டிலைவிட்டு எழவே இல்லை, அவரை நால்வர் தூக்கிச் சென்றோம். மாடியில் இடம் போதாததால் பெண்கள் வார்டை ஒட்டிய கூடத்தில் தங்கவைத்து, நடுவிலிருந்த கதவைப் பூட்டச் சொன்னேன்.

அந்தக் கதவைப் பூட்டியது கட்டடம் பற்றிய முடிவா, உடல் பற்றிய முடிவா? உங்கள் பிரிப்பின்படி நான் பூட்டச் சொல்லலாமா கூடாதா? மருத்துவர் அப்போது வலிப்பு வந்த ஒருவருடன் இருந்தார். அவரைக் கூப்பிட்டு உத்தரவு எழுதச் சொல்லியிருக்க வேண்டுமா?

நீங்கள் சொன்ன முதல் பாதியை மட்டும் முழு மனதோடு ஏற்கிறேன். அன்று டீசலைச் சொந்தப் பணத்தில் வாங்கினேன். மூன்று விலைப்புள்ளிகள் பெறவில்லை என்ற தணிக்கைக் குறிப்புக்கு இரண்டு ஆண்டுகள் பதில் எழுதினேன். நால்வர் சேர்ந்து ஒரு மனிதரைத் தூக்கிச் சென்றதைப் பற்றியோ, கதவு எத்தனை மணி நேரம் பூட்டியிருந்தது என்பதைப் பற்றியோ யாரும் இன்றுவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

#3 இரவுப்பணி

அய்யாவின் கடைசி வாக்கியத்தைத்தான் இந்த இழையின் தொடக்கமாக வைத்திருக்க வேண்டும்.

நான் செவிலியர். நெருக்கடி என்றதும் வெளியில் இருப்பவர்களுக்குக் கொந்தளிக்கும் நோயாளிதான் நினைவுக்கு வருகிறார். வார்டில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மருந்து அலமாரி. தீவிர மனப்பிறழ்வுக்கான குளோசபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து தவறினால், பழைய அளவை அப்படியே மீண்டும் கொடுக்க முடியாது, 12.5 மில்லிகிராம் என்ற தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். சாலை துண்டிக்கப்பட்டு இரண்டு நாட்கள் மருந்து வராவிட்டால், பல வாரங்கள் நிலையாக இருந்தவர் மீண்டும் நிலைகுலையும் வாய்ப்பு உருவாகிறது. டயஸிபாம் வகை மருந்தை நெடுநாள் எடுத்தவருக்கு அது திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். லித்தியம் எடுப்பவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு நச்சு நிலைக்கு ஏறும். மனப்பிறழ்வுக்கான மருந்துகள் பலவும் உடல் வெப்பத்தைச் சமன் செய்யும் திறனைக் குறைக்கின்றன. ஆகவே கோடையில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் அது எங்களுக்கு வசதிக் குறைவு அல்ல, மருத்துவ ஆபத்து.

இவை எல்லாம் பொருள் சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள். குடிநீர், மருந்து, மின்சாரம், ஆள். இவற்றுக்கு உடனே கையெழுத்துப் போடும் அதிகாரம் நிர்வாகியிடம் இருந்திருந்தால், பின்னால் "வார்டு கட்டுக்கடங்கவில்லை, கட்டிவைக்க அனுமதி கொடுங்கள்" என்று நாங்கள் நிற்கும் நிலையில் பாதி வந்திருக்காது. முதல் வகை அதிகாரத்தை இறுக்கமாகவும் இரண்டாம் வகையைத் தளர்வாகவும் வைத்திருப்பதுதான் இன்றைய நடைமுறை. தலைகீழ்.

ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்த வாக்கியத்தில் "பணியாளர் பற்றாக்குறை" என்பதையும் நெருக்கடியாகச் சேர்த்திருக்கிறார்கள். பற்றாக்குறை எங்களுக்கு அவசர நிலை அல்ல, அன்றாட நிலை. அது அந்தப் பட்டியலில் இருக்கும்வரை நெருக்கடி அதிகாரம் ஆண்டின் 365 நாட்களும் அமலில் இருக்கும்.

#4 சட்டப்பக்கம்

இரவுப்பணி தொட்ட கடைசிப் புள்ளிக்குச் சட்டத்தில் நேரடி விடை உண்டு. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 97ஆம் பிரிவில் உடல் கட்டுப்பாட்டை உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலோடு அனுமதிக்கிறது. தண்டனையாகவோ, ஆள் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகவோ அதைப் பயன்படுத்தக்கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. தனிமைச் சிறை போன்ற அடைப்புக்கு அங்கே இடமே இல்லை. சங்கிலியால் பிணைப்பது 95ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டது. ஆகவே மணற்கடிகை படிக்கும் விதித்தொகுப்பின் அந்த வாக்கியம் இத்தகைய சட்டம் உள்ள எந்த நாட்டிலும் நீதிமன்றத்தில் நிற்காது.

அவசரச் சிகிச்சையைப் பற்றிய 94ஆம் பிரிவும் இந்த விவாதத்துக்கு மிகவும் பொருந்தும். அங்கே அதிகாரம் பதவியோடு இணைக்கப்படவில்லை, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அதைச் செய்யலாம். காரணங்கள் மூன்று: உயிருக்கோ மீளமுடியாத உடல்நலச் சேதத்துக்கோ ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு, நோயின் நேரடி விளைவாகச் சொத்துக்குக் கடுமையான சேதம். நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்ட பிரதிநிதி கிடைத்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும். காலம் 72 மணி நேரம் மட்டுமே. அரசு பேரிடர் அல்லது அவசர நிலையை அறிவித்திருந்தால் அது 7 நாட்கள் வரை நீளலாம். அந்த வழியில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிக்க முடியாது. பேரிடரைச் சட்டம் மறந்துவிடவில்லை என்பதைப் பாருங்கள். கெடுவை நீட்டியதே தவிர, முடிவெடுப்பவரை மாற்றவில்லை.

மற்ற நாடுகளிலும் கடிகாரம்தான் அடிப்படை. இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் தானாக வந்து சேர்ந்த நோயாளி வெளியேற முற்பட்டால் தகுதி பெற்ற செவிலியர் 6 மணி நேரமும், மருத்துவர் 72 மணி நேரமும் அவரை நிறுத்திவைக்கலாம். அமெரிக்காவின் கூட்டாட்சி விதிகளில் வன்முறை காரணமான கட்டுப்பாட்டு உத்தரவு பெரியவர்களுக்கு 4 மணி நேரம், 9 முதல் 17 வயது வரை 2 மணி நேரம், அதற்கும் சிறியவர்களுக்கு 1 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குள் நோயாளியை நேரில் பரிசோதிக்கவும் வேண்டும்.

நிர்வாகி கையெழுத்திடும் அமைப்பும் இல்லாமல் இல்லை. இத்தாலியில் 1978ஆம் ஆண்டின் 180ஆம் எண் சட்டப்படி விருப்பமற்ற சிகிச்சைக்கு மேயரே உத்தரவிட வேண்டும். ஆனால் அதற்கு முன் இரண்டு மருத்துவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அதன்பின் 48 மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தெரிவிக்க, அவர் அடுத்த 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்யவோ ரத்து செய்யவோ வேண்டும். அங்கே நிர்வாகியின் கையெழுத்து இன்னொரு பூட்டு, சாவி அல்ல.

இடையே ஒரு சுவாரசியம். இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, நோயாளி முன்கூட்டியே எழுதிவைத்த விருப்ப ஆணை 103ஆம் பிரிவின் கீழான அவசரச் சிகிச்சைக்குப் பொருந்தாது என்கிறது. 103ஆம் பிரிவோ மனநோயுள்ள சிறைவாசிகளைப் பற்றியது. அவசரச் சிகிச்சை 94இல் இருக்கிறது. எண் மாறிய ஒரு பிழை, ஒருவரின் எழுத்துபூர்வமான விருப்பம் அவசரத்தில் செல்லுமா செல்லாதா என்பதையே குழப்பிவிட்டது. அவசர அதிகாரத்தை எழுதுகிறவர்கள் அவசரமாக எழுதக்கூடாது என்பதற்கு இதைக் காட்டுவேன்.

#5 27ஆம் படுக்கை

நான் உள்ளே இருந்தவன். தொற்றுநோய்க் காலத்தில் எங்கள் வார்டு பூட்டப்பட்டது. காரணம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. முதல் நாள் கைப்பேசிகளை வாங்கிக்கொண்டார்கள். கிருமி பரவும் என்றார்கள். தொடர்ந்து முற்றத்துக்குப் போவது நின்றது, பார்வையாளர் நின்றார்கள், வாராவாரம் வரும் ஆலோசகர் நின்றார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் நின்றது, எதையும் யாரும் எழுதி ஒட்டவில்லை. சுவரில் கரியால் கோடு போட்டு நான் எண்ணியது பத்தொன்பது நாட்கள்.

இங்கே 72 மணி நேரம், 4 மணி நேரம் என்றெல்லாம் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். என்னை யாரும் கட்டவில்லை, ஊசி போடவில்லை. ஆகவே உங்கள் கடிகாரம் எதுவும் எனக்காக ஓடவே தொடங்கவில்லை. மணற்கடிகையின் கணக்கில் எனக்கு நடந்தது கட்டடம் பற்றிய முடிவு.

#6 ஏட்டுச்சுரைக்காய்

27ஆம் படுக்கை எழுதியதை அப்படியே விட்டுவிட்டு வரலாற்றுக்குப் போவது கூச்சமாக இருக்கிறது. ஆனால் இரண்டு நிகழ்வுகள் இரு தரப்புக்கும் உதவும்.

முதலாவது, மணற்கடிகையின் முதல் பாதிக்குச் சான்று. இரண்டாம் உலகப் போரின்போது ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சின் மனநல மருத்துவமனைகளில் 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பட்டினியாலும் அதன் விளைவுகளாலும் இறந்தார்கள். உள்ளே அடைபட்டவர்களுக்குப் பங்கீட்டு அளவுக்கு மேல் உணவு தேடிக்கொள்ள வழி இல்லை. அதே காலத்தில் லோசேர் மலைப்பகுதியிலுள்ள செயின்ட் ஆல்பன் மருத்துவமனையில் பணியாளர்களும் நோயாளிகளும் சுற்றுப்புறப் பண்ணைகளுக்குச் சென்று வேலை செய்தும் பண்டமாற்றுச் செய்தும் உணவு சேர்த்தார்கள், அங்கே பட்டினிச் சாவு ஒப்பீட்டளவில் மிகக் குறைவு. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நெருக்கடியில் உயிர் காத்த முடிவு கதவை இறுக்குவதாக இருக்கவில்லை, திறப்பதாக இருந்தது. கொள்முதல் அதிகாரமும் கதவைத் திறக்கும் அதிகாரமும் கைகோத்தே வந்தன.

இரண்டாவது, அவருக்கு எதிரான சான்று. பாரிசின் பிசெத்ர் மருத்துவமனையில் சங்கிலிகளை அகற்றியவர் மருத்துவர் பினேல் என்று ஓவியம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே 1797இல் அதைச் செய்தவர் கண்காணிப்பாளராக இருந்த பூசேன். பினேல் அதற்கு முன்பே வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். பூசேன் மருத்துவர் அல்லர். கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அதே மருத்துவமனைக்கு வந்து, பின்னர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். உடல்மீதான முடிவை மருத்துவரிடம் விட்டால் போதும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஆனால் சங்கிலிக்குப் பதிலாக அங்கே வந்தது கைகளைப் பிணைக்கும் சட்டை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அண்மைக் காலத்துக்கு ஒன்று. 2020 மார்ச்சில் பிரிட்டன் கொண்டுவந்த கொரோனா சட்டத்தின் எட்டாம் அட்டவணை, ஒருவரைக் கட்டாயமாக அனுமதிக்க இரண்டு மருத்துவர்களுக்குப் பதில் ஒருவர் போதும் என்றும், செவிலியரின் 6 மணி நேரத்தை 12 ஆகவும் மருத்துவரின் 72 மணி நேரத்தை 120 ஆகவும் உயர்த்தலாம் என்றும் இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் இந்த மாற்றங்கள் ஒரு நாளும் அமலுக்குக் கொண்டுவரப்படவில்லை. பெருந்தொற்றின் உச்சத்திலும் பழைய கெடுக்களே தொடர்ந்தன.

#7 முன்னாள் பொறுப்பாளர்

பிரிட்டனின் எடுத்துக்காட்டு சரிதான், ஆனால் அது என்னை முழுதாக வழிக்குக் கொண்டுவரவில்லை. இரண்டாவது மருத்துவர் காணொளி அழைப்பிலாவது கிடைக்கும் நாட்டில் இரண்டாவது மருத்துவரை விட்டுவிட வேண்டியதில்லை. பலரும் அப்படிக் கிடைக்காத இடங்களில் நிர்வாகம் செய்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் செயோங்தோ மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் மூடிய மனநலப் பிரிவில் இருந்த நூற்றுச் சொச்சம் நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் கொரோனா தொற்றியது. அந்த நாட்டின் முதல் கொரோனா மரணம் அங்கேதான். அந்தப் பிரிவை அப்படியே மூடி, உள்ளேயே வைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையைத் தொடங்கினார்கள், பின்னர்தான் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள். காற்றோட்டம் இல்லாத, தரையில் அருகருகே படுக்கும் ஒரு வார்டை உடனே கலைத்து ஆட்களைப் பிரிக்கும் அதிகாரம் நிர்வாகிக்கு வேண்டாமா? அது உடல்மீதான அதிகாரம் என்றால் அதுவும் எனக்கு வேண்டும்.

27ஆம் படுக்கை எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கைப்பேசிகளை வாங்கும் உத்தரவில் நானும் ஒருமுறை கையெழுத்திட்டிருக்கிறேன். கிருமிக்காகத்தான் என்று அன்று நம்பினேன். வார்டுக்குள் எடுக்கப்படும் படம் வெளியே போய்விடும் என்ற பயமும் அதில் இருந்தது என்பதை இப்போது எழுதுவதில் எனக்கு நட்டமில்லை.

#8 அக்காவின் தம்பி

முன்னாள் பொறுப்பாளர் அய்யாவுக்கு வணக்கம். ஆட்களைப் பிரித்து மாற்றும் அதிகாரத்தைக் கேட்கிறீர்கள். என் அக்கா பதினான்கு ஆண்டுகளாக ஓர் அரசு மனநல மருத்துவமனையில் இருக்கிறார். குடும்பத்தாராகிய எங்களை நடுங்கவைப்பது கட்டுப்பாடுகூட அல்ல, இடமாற்றம்தான்.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததை எல்லோரும் படிக்க வேண்டும். கௌடெங் மாகாண சுகாதாரத் துறை 2015இல் லைஃப் எசிடிமேனி என்ற நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அதன் நிலையங்களில் இருந்த 1,700க்கும் மேற்பட்ட மனநோயாளிகளை 2016இல் மருத்துவமனைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அவசர அவசரமாக மாற்றியது. அந்தத் தொண்டு நிறுவனங்கள் 27. அவற்றில் ஒன்றுக்குக்கூடச் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று சுகாதார குறைதீர்ப்பாளரின் 2017 அறிக்கை கண்டறிந்தது. இறந்தவர்கள் 144 பேர். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி மொசெனெகே 2018இல் வழங்கிய தீர்ப்பாய முடிவைப் படித்தால், எங்கே கொண்டுபோனார்கள் என்பது தெரியாமல் குடும்பங்கள் தேடி அலைந்ததும், மருத்துவக் குறிப்பும் போதிய மருந்தும் இல்லாமல் நோயாளிகள் போய்ச் சேர்ந்ததும் தெரியவரும். அங்கே வெள்ளமோ தீயோ இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்ற முடிவுக்குத் தாங்களே ஒரு கெடு வைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கெடுவையே அவசரம் என்றார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அவசரத்தை உண்டாக்கியவரே அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தக்கூடாது. நோயாளி நகரும்போது அவருடைய பெயர், மருந்துப் பட்டியல், போய்ச் சேரும் இடம் மூன்றும் ஒரே தாளில் அவரோடு நகர வேண்டும், அதன் நகல் அன்றே எங்களுக்கு வர வேண்டும்.

#9 மணற்கடிகை

எல்லோருக்கும் நன்றி. என் பிரிப்பு இரண்டாக இருந்தது தவறு என்பதை 27ஆம் படுக்கையும் அய்யாவும் எதிரெதிர் திசையிலிருந்து காட்டிவிட்டார்கள். பொருளுக்கும் உடலுக்கும் நடுவே இடம் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது: கதவு, வார்டு, முற்றம், இடமாற்றம், பார்வையாளர் நேரம், தொலைபேசி. இதில் நிர்வாகிக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னால் வெள்ளத்தில் ஆட்கள் மூழ்குவார்கள், எல்லையில்லாமல் கொடுத்தால் பத்தொன்பது நாட்கள் சுவரில் கோடு போடுவார்கள். உடலுக்குச் சட்டம் வைத்திருக்கும் கடிகாரத்தை இடத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். முதல் வரைவு இது:

1. பொருள்: நெருக்கடி தொடங்கிய நொடியிலிருந்து மருந்து, உணவு, நீர், எரிபொருள், வாகனம், தற்காலிகப் பணியாளர் ஆகியவற்றுக்கு விலைப்புள்ளியின்றிச் செலவிடலாம். தணிக்கை பின்னர்.

2. இடம்: உயிருக்கு ஆபத்து என்றால் வெளியேற்றவும் பிரிக்கவும் கதவுகளை மூடவும் உத்தரவிடலாம். தொடங்கிய நேரம் எழுதப்பட வேண்டும். வெளியுலகத் தொடர்பை முற்றாக நிறுத்த முடியாது, கைப்பேசியை வாங்கினால் வார்டில் ஒரு தொலைபேசி இருக்க வேண்டும்.

3. உடல்: புதிய அதிகாரம் இல்லை.

4. நெருக்கடியை யார் அறிவிப்பது என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

#10 சட்டப்பக்கம்

முதல் எண்ணுக்கு முன்மாதிரி உண்டு. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு அவசரக் கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி நடைமுறையைத் தளர்த்துகிறது. ஆனால் அந்த முடிவு பேரிடர் ஆணையங்களிடம் இருக்கிறது, மருத்துவமனைத் தலைவரிடம் இல்லை. டீசலைச் சொந்தப் பணத்தில் வாங்கியவரின் துயரம் அந்த இடைவெளியில்தான் விளைந்தது.

நான்காவது எண்ணுக்கு என் யோசனை: தலைவர் தானே அறிவிக்கலாம், ஆனால் அந்த அறிவிப்பு 6 மணி நேரத்தில் தானாகச் செத்துவிட வேண்டும். அதற்குள் மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒருவர், நோயாளிகளின் முறையீடுகளைக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் உறுப்பினரோ நீதித்துறை நடுவரோ, தொலைபேசியிலாவது ஏற்றால் 72 மணி நேரம் வரை நீளும். அதன்பின் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் புதிய காரணம் எழுத வேண்டும், பழைய காரணத்தை நகலெடுத்து ஒட்டினால் செல்லாது. தொலைபேசியே வேலை செய்யாத நிலையில் 6 மணி நேரம் முடிந்தாலும் உயிர் காக்கும் வெளியேற்றத்தை யாரும் தடுக்கப்போவதில்லை. மூடிய கதவுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. திறப்பதற்கு எந்த நேரத்திலும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

#11 இரவுப்பணி

திறப்பது என்று சொல்லிவிட்டீர்கள், ஆகவே சாவியைப் பற்றி ஒரு சொல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அது அரசு மருத்துவமனை அல்ல, அங்கே எந்த நிர்வாகியும் அவசர உத்தரவு போடவுமில்லை. ஆனால் எந்த விதியை எழுதும்போதும் என் மனத்தில் அதுதான் ஓடுகிறது. மின்சாரத்தில் இயங்கும் பூட்டுகள் மின்சாரம் போனால் திறந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டவையா, பூட்டியபடியே நிற்பவையா என்பது எத்தனை தலைவர்களுக்குத் தெரியும்? ஒவ்வொரு பணி நேரத்திலும் வார்டுக்குள் இருக்கும் ஒருவரிடம் எல்லாக் கதவுகளுக்கும் சாவி இருக்க வேண்டும் என்பதை இரண்டாம் எண்ணுக்குள் சேர்க்கவும். அலுவலக அறைப் பெட்டியில் இருக்கும் சாவி எங்களுக்குச் சாவி அல்ல.

இன்னொன்று. தவறான உத்தரவை நிறைவேற்ற மறுக்கும் செவிலியருக்கு என்ன பாதுகாப்பு? நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு வழக்கில்லை என்ற விதியைத் தலைவருக்கு எழுதும்போது, நல்லெண்ணத்தில் மறுத்த எங்களையும் அதில் சேருங்கள். அந்தப் பாதுகாப்பும் எழுதி வைக்கப்பட்ட செயலுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். பதிவேட்டில் இல்லாத கட்டுப்பாட்டுக்கு நல்லெண்ணம் என்று எப்படிச் சொல்வது?

#12 முன்னாள் பொறுப்பாளர்

ஏற்கிறேன். பதிவு இல்லையேல் பாதுகாப்பு இல்லை என்பது எங்களுக்கும் நல்லதுதான். அன்றைய இரவு நான் எதையாவது எழுதி வைத்திருந்தால், டீசலைத் தவிர வேறு எதைப் பற்றியாவது என்னிடம் கேட்டிருப்பார்கள். 6 மணி நேரம் குறைவு என்று சண்டை போட வந்தேன். ஆனால் அந்த வெள்ளத்தில் எல்லோரையும் மேலே ஏற்றி முடித்தது நான்கு மணி நேரத்தில். மீதி நேரம் முழுவதும் கதவு வெறுமனே பூட்டியிருந்தது. அதற்குத் திறக்கச் சொல்லும் ஆள் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் நினைவுக்கு வரவில்லை.

#13 27ஆம் படுக்கை

உங்கள் வரைவில் தொடங்கும் நேரம் எழுதப்பட வேண்டும் என்று இருக்கிறது. முடியும் நேரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

எங்கள் வார்டு திறந்தது எப்படி என்றால், ஒருநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போனவர் கதவைத் தள்ளிப் பார்த்தார், திறந்துகொண்டது. அவ்வளவுதான். வெளியே வந்து ஓராண்டுக்குப் பிறகு தகவல் கேட்டு மனுப் போட்டேன். பூட்டும் உத்தரவு பதினைந்தாம் நாளே திரும்பப் பெறப்பட்டிருந்தது. நான்கு நாட்கள் நாங்கள் எந்த உத்தரவும் இல்லாமல் பூட்டிக் கிடந்திருக்கிறோம். தலைவர் தன் கடமையைச் செய்துவிட்டார், கடிகாரமும் நின்றுவிட்டது, கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது.

#14 முன்னாள் பொறுப்பாளர்

நான் திரும்பப் பெற்ற உத்தரவுகள் வார்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டு அனுப்பியதோடு சரி. போய்ப் பார்த்ததில்லை.

#15 மணற்கடிகை

ஐந்தாம் எண்ணாக இதைச் சேர்த்திருக்கிறேன்: இடம் தொடர்பான எந்த உத்தரவும் தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த வார்டில் இருப்பவர்களுக்குப் புரியும் மொழியில் வாசிக்கப்பட்டு, நேரத்தோடு கதவருகே ஒட்டப்பட வேண்டும். முடிவு உத்தரவை வாசித்த பணியாளரும், கேட்டுக்கொண்ட நோயாளி ஒருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். தலைவர் முடிவு உத்தரவில் கையெழுத்திட்ட நேரத்துக்கும் அது வார்டில் வாசிக்கப்பட்ட நேரத்துக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு மணி நேரமும் உத்தரவின்றி அடைத்து வைத்த காலமாகக் கருதப்பட்டு, அதற்கான பதிலைத் தலைவரே மறுஆய்வு வாரியத்துக்கு எழுத வேண்டும்.

சாவி பற்றிய வரியும், மறுக்கும் செவிலியருக்கான பாதுகாப்பும், நோயாளியோடு நகரும் ஒற்றைத் தாளும் உள்ளே வந்துவிட்டன. "பணியாளர் பற்றாக்குறை" பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சனிக்கிழமை அனுப்புகிறேன். நான்காம் எண்ணின் 6 மணி நேரத்தைப் பற்றி மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள்.